தாழ்ந்த வண்டியும் தக்க வில்லும்

பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து நெடுவழி சென்றவர்க்கு வில்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வில் வளைந்து கொடுத்தால் பயணம் இனிதாகும். கொடாவிடில் அதன் வேலையை நம் முதுகெலும்பு செய்ய நேரும். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது பழகிய பாடமே. ஸ்பிரிங் என்று நாம் வழங்கும் அவ்வில்லை அறிந்து தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை, அமெரிக்க நாட்டுப் பழைய கார்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பான்டியாக் ஜி.டி.ஓ. என்னும் கார் வெளிவந்தது. நடுத்தர அளவுள்ள வண்டியில் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினை அமைத்ததே அதன் சிறப்பு. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஃபோர்டு மஸ்டாங்கும், 1967ஆம் ஆண்டு மாதிரியாகச் செவர்லே கமாரோவும் தோன்றின. இத்தகையவற்றைத் தசைவலிமை வாய்ந்த வண்டி என்னும் பொருள்பட 'மசில் கார்' என்பர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் இவற்றின் காலம் மங்கிற்று. எஞ்சியவற்றை இன்று ஆர்வலர்கள் போற்றிக் காத்து வருகின்றனர். அவர்களிற் பலருக்கு, வண்டியை ஓரிரு அங்குலம் தாழ்த்த வேண்டும் என்பது பெருவிருப்பம். தாழ்ந்த வண்டி கண்ணுக்கு அழகு. அதன் ஈர்ப்பு மையமும் தாழ்வதால், வளைவில் திரும்பும்போது ஒருபுறத்துச் சக்கரங்களின்மேல் சாயும் சுமை குறைகின்றது.

ஆயின், அழகை நாடி வில்லை மாற்றுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'வண்டி எவ்வளவு தாழ வேண்டும்?' என்பதன்று அது. 'சக்கரம் மேலெழுவதற்கு எவ்வளவு இடம் எஞ்சும்?' என்பதே.

வில்லின்மேல் ஏற்றும் சுமைக்கு ஏற்ப அது சுருங்கும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். சுமையற்ற நிலையில் 14 அங்குல நீளமுள்ள சுருள்வில் ஒன்று 900 ராத்தல் எடையைத் தாங்குகின்றது. அதனை ஓர் அங்குலம் அமுக்க 300 ராத்தல் வேண்டும் எனின், 3 அங்குலம் சுருங்கி 11 அங்குலத்தில் நிற்கும். இதனை 10 அங்குலத்தில் நிறுத்த வழிகள் இரண்டு உள. அதே நீளத்தில், அங்குலத்திற்கு 225 ராத்தல் மட்டும் கொள்ளும் மென்மையான வில்லை இடலாம்; அது 4 அங்குலம் சுருங்கும். அல்லது, பன்னிரண்டரை அங்குல நீளமும் அங்குலத்திற்கு 360 ராத்தல் விறைப்பும் உள்ள வில்லை இடலாம். அது இரண்டரை அங்குலம் சுருங்கும்.

உயரம் இரண்டிலும் ஒன்றே. எனினும் பயன் ஒன்றன்று. முன்னர் வில் மேலும் 3 அங்குலம் சுருங்க இடம் இருந்ததாகக் கொள்வோம். இப்போது இருப்பது 2 அங்குலமே. குறைந்த இடத்தில் மென்மையான வில் சிறு குழியிலும் முட்டு ரப்பரில் மோதும். அந்த அதிர்ச்சி சட்டத்திற்கும், உள்ளே அமர்ந்திருப்போருக்கும் செல்லும்; வளைவில் அவ்வாறு மோதினால் டயரின் பிடிப்பே தவறலாம். பழைய இடம் முழுவதிலும் தாங்கிய அதே வேகத்தை எஞ்சிய இடத்தில் தாங்க, விறைப்பு 2.25 மடங்காக உயர வேண்டும் என்பது கணக்கு. அத்துணை விறைப்பு பயணத்தைக் கெடுக்கும். ஆதலின் தாழ்வை ஓர் அங்குல அளவோடு நிறுத்தி, விறைப்பை மிதமாகக் கூட்டி, ஷாக் அப்ஸார்பரையும் அதற்கேற்ப மாற்றுவதே நடுவழி.

வில் அமைந்துள்ள இடத்தையும் நோக்க வேண்டும். மஸ்டாங்கின் முன்புறத்தில் சுருள்வில் மேற்கையின் நடுப்பகுதியில் ஏறத்தாழ அமர்ந்துள்ளது. நெம்புகோல் விதிப்படி, வில் அரை அங்குலம் தாழ்ந்தால் சக்கரத்தினிடத்தே ஏறக்குறைய ஓர் அங்குலம் தாழும். இதை மறந்து ஓர் அங்குலம் குறைந்த வில்லை வாங்குவோர், வண்டி இரண்டு அங்குலம் தாழக் கண்டு திகைப்பர். 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜி.டி. 350 வண்டியில் மேற்கையின் கீல் இடத்தையே ஓர் அங்குலம் கீழிறக்கினர். வளைவில் டயர் தரையில் நன்கு படிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். உயரம் குறைந்தது உடன் விளைந்த பயனே.

டாட்ஜ், பிளிமத் முதலிய கிரைஸ்லர் வண்டிகளின் முன்புறத்தில் சுருள்வில் இல்லை; முறுக்குத் தண்டு உண்டு. ஒரு திருகாணியைத் திருப்பினாலே வண்டி தாழும். எளிதுதான்; ஆனால் விறைப்பு கூடாமலே இடம் மட்டும் குறைந்துவிடும். அதற்குத் தடித்த தண்டு வேண்டும். தண்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் உயரும். பின்புறத்தில் பட்டைவில் உள்ள மஸ்டாங், கமாரோ போன்றவற்றிலோ வளைவு குறைந்த பட்டைகளை இடுவர். அல்லது அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக்கட்டை வைப்பர்.

செலவுக்கு அஞ்சிச் சிலர் சுருளை அறுப்பர். பத்துச் சுருளில் ஒன்றை அறுத்தால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடும் என்பது உண்மையே. ஆனால் அறுத்த முனை இருக்கையில் பொருந்தாவிடினும், சக்கரம் தொங்கும்போது வில் தளர்ந்து நழுவினும் இடர் பெரிது. தீயிட்டுச் சூடேற்றி வில்லைத் தாழ்த்துவது அதனினும் கொடிது. எஃகின் பதம் கெட்டு வில் ஒருநாள் முறியும்.

ஆகவே தேர்வின் முறை இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்க்காற்றைச் சரிசெய்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுக. முட்டு ரப்பருக்குள்ள இடைவெளியையும் அளக்க. எஞ்சினின் எடையை அறிக. ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குரிய வில், எட்டு சிலிண்டர் எஞ்சினின் கீழ்த் தாங்காது மேலும் தாழும். பின்னரே வில்லின் நீளத்தையும் விறைப்பையும் முடிவு செய்க. அமுங்கிய வில் விடுபட்டால் உயிரைப் பறிக்கும். ஆதலின் உரிய கருவியின்றி அதனைக் கழற்றலாகாது. மாற்றியபின் சில நாள் ஓட்டி, வில் படிந்ததும் மீண்டும் அளந்து, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயர் எங்கும் உரசாமையையும் பிரேக் குழாய் இழுபடாமையையும் உறுதி செய்தல் வேண்டும்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து வந்த வண்டி, நம் கையில் ஓர் அங்குல ஆசையால் கெடலாகாது. கண் கேட்கும் அளவைக் கொடுப்பதற்கு முன், சாலை கேட்கும் அளவை ஒதுக்கி வைப்போம். எஞ்சியதே அழகுக்குரிய பங்கு.