டிப்ளமோ கையில... பி.இ. மனசுல!

ரேங்க் லிஸ்ட்டுக்கும் ஃபீஸ் ரசீதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற வடசென்னை ‘லேட்டரல்’ பார்ட்டிகளின் ஜூலை மாசக் கதை!

ஜூன், ஜூலை வந்துட்டா காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் ரெண்டே டாபிக்தான். ஒண்ணு, மீன் விலை. இன்னொண்ணு, ‘ரேங்க் வந்துடுச்சா மச்சி?’

ப்ளஸ் டூ முடிச்சுட்டு பி.இ. கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறவங்களைப் பத்தி எல்லா பேப்பரும் எழுதும். டி.வி.யில கட்-ஆஃப் விவாதம் நடக்கும். ஆனா, சத்தமே இல்லாம இன்னொரு கூட்டமும் காத்துக்கிட்டு இருக்கு. பத்தாவது முடிச்ச கையோட பாலிடெக்னிக்ல சேர்ந்து, மூணு வருஷம் லேத்து, ஃபைலு, கிரீஸுனு வாழ்ந்துட்டு, இப்போ நேரா பி.இ. ரெண்டாம் வருஷத்துக்குள்ள நுழையப் பார்க்கிற ‘லேட்டரல் என்ட்ரி’ பசங்க!

இந்த ஏரியாவுல டிப்ளமோ மேல ஒரு தனி மரியாதை உண்டு. காரணம் சிம்பிள். எண்ணூர்ல அசோக் லேலண்ட், திருவொற்றியூர்ல எம்.ஆர்.எஃப்., புல்லட் ஓட்டுறவங்க கும்பிடுற என்ஃபீல்டு, மணலியில சி.பி.சி.எல்., இந்தப் பக்கம் சென்னைத் துறைமுகம், அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம். வீட்டுக்கு வீடு ஒரு மாமாவோ பெரியப்பாவோ இதுல ஏதாவது ஒரு கேட்டுக்குள்ள போயிட்டு வந்தவரா இருப்பார். ‘டிப்ளமோ முடிடா, உள்ள தள்ளி விடுறேன்’னு அவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் பாதி பேர் பாலிடெக்னிக் வாசலையே மிதிக்கிறாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மாமா ரிட்டயர்டு. கேட்டுக்குள்ள போறது கான்ட்ராக்ட் ஆளுங்க!

அப்பதான் ‘பி.இ. போட்டுடலாமா?’ங்கிற எண்ணம் வருது.

லேட்டரல்ல நுழைவுத்தேர்வு கிடையாது. டிப்ளமோ மார்க்தான் ரேங்க்கைத் தீர்மானிக்குது. பி.எஸ்ஸி.யில கணக்கு படிச்சவங்களும் வரலாம். ரொம்ப வருஷமா இந்த கவுன்சலிங்குக்குத் தலைநகரம் சென்னை இல்ல, காரைக்குடி! அங்க இருக்கிற அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான் நடத்தும். திருவொற்றியூர்ப் பையன் அப்பாவைக் கூட்டிக்கிட்டு, எழும்பூர்ல ராத்திரி ரயிலேறி, காலையில காரைக்குடியில இறங்கி, ஹால்ல உட்கார்ந்து, எந்த காலேஜ்ல எத்தனை சீட் மிச்சம்னு பார்த்துத் தேர்வு பண்ணணும். கொரோனாவுக்கு அப்புறம் எல்லாமே ஆன்லைன். ரயில் செலவு மிச்சம்தான். ஆனா காத்திருக்கிற டென்ஷன் இப்போ செல்போனுக்குள்ள குடிவந்துடுச்சு. டீக்கடையில, பஸ்ல, விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டுல... விரலால இழுத்து இழுத்து ரெஃப்ரெஷ்!

சரி, ரேங்க் வந்துடுச்சு. பிரச்னை தீர்ந்ததா? இல்ல பாஸ், இனிமேதான் ஆரம்பம்.

சென்னையில அண்ணா பல்கலைக்கழகத்தோட சொந்த வளாகங்கள் இருக்கு. அதை விட்டா, கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, பர்கூர், காரைக்குடி மாதிரி ஒரு ‘அரசுப் பொறியியல் கல்லூரி’ சென்னையில கிடையாது. டியூஷன் ஃபீஸ் சில ஆயிரத்துல முடியுற சீட் வேணும்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூருக்கோ சேலத்துக்கோ போகணும். ஹாஸ்டல், மெஸ், ஊருக்கு வந்துபோற செலவு தனி. வீட்டுல இருந்தே போய்வரணும்னா தனியார் காலேஜ்தான். 2017-ல கட்டண நிர்ணயக் குழு சொன்ன கணக்குப்படி, கவுன்சலிங் சீட்டுக்கே வருஷத்துக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் வாங்கின கோர்ஸுக்கு 55,000. மூணு வருஷத்துக்குப் பெருக்கினா ஒண்ணரை லட்சத்தைத் தாண்டுது. இதுல காலேஜ் பஸ் சேராது. அரசு பாலிடெக்னிக்ல படிச்சப்போ கையில இருந்த இலவச பஸ் பாஸும் போச்சு!

தராசோட அந்தப் பக்கம் அப்ரென்டிஸ். டிப்ளமோ முடிச்சவங்களுக்கு மாசம் குறைஞ்சது 8,000 ரூபாய் தரணும்னு 2019-ல விதி வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு 96,000. அதாவது பி.இ. போனா வீட்டுல இருந்து பணம் வெளிய போகும், அப்ரென்டிஸ் போனா உள்ள வரும். இதுல பெரிய காமெடி, அதே 2019 விதியில பி.இ. முடிச்ச அப்ரென்டிஸுக்குக் குறைஞ்சபட்சம் 9,000. மூணு வருஷம் கூடப் படிச்சா ஆயிரம் ரூபாய் எக்ஸ்ட்ரா! இதைக் கேட்டதும் ‘போடாங்... எதுக்குடா படிக்கணும்?’னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா பிடி வேற இடத்துல இருக்கு. டி.என்.பி.எஸ்.சி. அசிஸ்டென்ட் இன்ஜினீயர் பரீட்சை எழுத பி.இ. வேணும். கம்பெனிக்குள்ளயும் டிப்ளமோக்காரர் எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும், ஒரு படியோட கதவு மூடிக்கும். நேத்து வந்த பி.இ. பையனுக்கு இவரே வேலை கத்துக்கொடுத்துட்டு, அப்புறம் அவனையே ‘சார்’னு கூப்பிடணும். அந்த ‘சார்’தான் இங்க நிறைய பேரை ராத்திரி தூங்கவிடாமப் பண்ணுது.

வடசென்னைக்கே உரிய இன்னொரு வில்லங்கம், காலண்டர். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லேட்டரல் விண்ணப்பம், சர்டிஃபிகேட் அலைச்சல் எல்லாம் வழக்கமா அந்த நேரத்தை ஒட்டித்தான் வரும். காசிமேட்டுல படகு கட்டிக்கிடக்கும், வலை பின்னிக்கிட்டு இருப்பாங்க, வருமானம் இருக்காது. நைனாகிட்ட ‘ஃபீஸ்’னு வாயைத் திறக்கவே கூச்சமா இருக்கும். எண்ணூர்ப் பக்கம் கேட்கவே வேணாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் சேர்ந்து முகத்துவாரத்துல பரவினப்போ, வலையும் படகும் கறுத்துப்போச்சு. சேர்த்து வெச்சிருந்த காசு அங்கதான் கரைஞ்சுது.

இந்த இடத்துலதான் ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் ஹீரோவா என்ட்ரி கொடுக்குது. 2010-11-ல தமிழக அரசு கொண்டுவந்த சலுகை. குடும்பத்துல யாருமே டிகிரி படிக்கலைன்னா, கவுன்சலிங் மூலமா சேர்ற முதல் ஆளுக்கு டியூஷன் ஃபீஸ்ல ஒரு பெரிய பங்கை அரசே ஏத்துக்கும். இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு, துணைத் தாசில்தார் அளவுல கையெழுத்தாகி வரணும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க எல்லாரோட படிப்பும் கணக்குல வரும்.

அந்தக் ‘கூடப் பிறந்தவங்க’தான் சிக்கல். ஒரு வீட்டுல அக்கா பாரதி மகளிர் கல்லூரியில பி.காம். முடிச்சிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. அங்க ஃபீஸே கம்மி. ஆனா அந்த வீட்டோட முதல் பட்டதாரி அவங்கதான்! பின்னாடி லேட்டரல்ல வர்ற தம்பிக்குச் சலுகை கிடையாது. அதேபோல அண்ணன் இந்தச் சலுகையில பி.இ. படிச்சுக்கிட்டு இருந்தா, தங்கச்சி முழு ஃபீஸ் கட்டணும். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு டிக்கெட். அதை யார் கிழிக்கிறதுங்கிறதுதான் கேள்வி. பல வீட்டுல இதை யாரும் உட்கார்ந்து பேசுறதே இல்ல. முன்னாடி பிறந்தவங்க தெரியாமலேயே எடுத்துக்கிறாங்க, பின்னாடி பிறந்தவங்க தெரிஞ்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாங்க. அக்கா மேல கோபப்படுறதுல என்ன நியாயம்? ரெண்டாவது பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைதானேனு அரசாங்கத்துக்கிட்ட கேட்டா, அதுல நியாயம் இருக்கு.

‘அரசுப் பள்ளி 7.5 சதவிகிதம் இருக்கே?’னு கேட்பீங்க. 2021-ல வந்த அந்தச் சட்டப்படி பொறியியல்ல சேர்றவங்களுக்கு டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே தருது. சூப்பர் திட்டம்தான். ஆனா ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். பத்தாவதோட பாலிடெக்னிக் போனவனுக்கு ப்ளஸ் டூவே இல்லையே பாஸ்! அதே கார்ப்பரேஷன் ஸ்கூல் பெஞ்சுல பக்கத்துல உட்கார்ந்தவன் பதினொண்ணாவது போனதால ஃப்ரீ, இவன் பாலிடெக்னிக் போனதால காசு. பதினஞ்சு வயசுல எடுத்த முடிவுக்குப் பதினெட்டு வயசுல பில் வருது.

பொண்ணுங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஏ.ஐ.சி.டி.இ.யோட ‘பிரகதி’ உதவித்தொகை. வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒரு வீட்டுல ரெண்டு பெண்கள் வரைக்கும் வாங்கலாம். லேட்டரல்ல ரெண்டாம் வருஷம் சேர்றவங்களும் விண்ணப்பிக்கலாம், மூணு வருஷத்துக்குக் கிடைக்கும். மெரிட்ல தேர்வு பண்றாங்க, கேட்ட எல்லாருக்கும் வராது. ஆனா இப்படி ஒண்ணு இருக்குறதே நிறைய பேருக்குத் தெரியாது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இரண்டரை லட்சம் வருமான வரம்புக்குள்ள போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

கடைசி ஆயுதம், கல்விக்கடன். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை ஆரம்பிக்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்து, காலேஜுக்கோ கோர்ஸுக்கோ நாக் அல்லது என்.பி.ஏ. அங்கீகாரமும் இருந்தா, அதுவரைக்கும் வட்டியை மத்திய அரசு மானியமா தருது. அதனால காலேஜ் பேரைக் கேட்டதும் பில்டிங்கைப் பார்க்காதீங்க, அங்கீகாரத்தைப் பாருங்க!

ரேங்க்குக்கும் அலாட்மென்ட்டுக்கும் நடுவுல ஒரு ஆபத்தான கேப் இருக்கு. அப்பதான் செல்போன் அடிக்கும். ‘தம்பி, மெக்கானிக்கல்ல ரெண்டே சீட்டுதான், இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா உறுதி’னு ஒரு இனிமையான குரல். காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போன வீட்டுல அந்தக் குரல் தெய்வ வாக்கு மாதிரி கேட்கும். அம்மா வளையலைக் கழட்டிடுவாங்க. ஆனா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்துட்டா முதல் பட்டதாரி சலுகை காலி. அது கவுன்சலிங் மூலமா வர்றவங்களுக்கு மட்டும்தான். லேட்டரல்ல, முதல் வருஷம் நிரம்பாமப் போன இடங்களும் சேர்றதால பல காலேஜ்ல சீட் இருக்கத்தான் செய்யும். அப்புறம் எதுக்கு அவசரம்? ஒருவேளை கட்டிட்டீங்கன்னா, வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விலகினா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பூட்டி வெச்சுக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கு. தைரியமா கேளுங்க.

இத்தனையும் தாண்டி கிளாஸுக்குள்ள வந்து உட்கார்றவங்களை எங்க டிபார்ட்மென்ட்ல பார்க்கிறேன். வொர்க்‌ஷாப்ல நாங்க மெஷின் பக்கத்துல போகவே பயப்படும்போது, லேட்டரல் பசங்க கண்ணை மூடிக்கிட்டு ஜாப் போடுவாங்க. ஆனா எம்-3 கணக்குப் பேப்பர்னா முகம் வாடிடும். முதல் வருஷக் கணக்கு அவங்க பார்க்காதது. அதனால எங்க கிளாஸ்ல ஒரு டீல். ஃபோரியர் சீரிஸ் நாங்க சொல்லித் தர்றோம், லேத்துல அவங்க கையைப் பிடிச்சுக் காட்டணும். அலாட்மென்ட் வந்து புது ஆளுங்க சேர்ற வரைக்கும் கடைசி பெஞ்ச்ல நாலு இடம் காலியாதான் கிடக்கு. பழைய கொஸ்டின் பேப்பர் செராக்ஸ் எடுத்து வெச்சாச்சு.