தொடர் படப்பிடிப்பில் கேமரா ஏன் திணறுகிறது?

மீன்கொத்தி தண்ணீரில் பாயும் நேரம். ஷட்டர் பொத்தானை அழுத்தியே பிடிக்கிறோம். சில நொடிகள் படபடவென எடுத்துத் தள்ளிய கேமரா, திடீரென்று திணறுகிறது. ஏன்?

2.4 கோடி பிக்சல் சென்சார், பிக்சலுக்கு 14 பிட் என்றால் சுருக்கப்படாத ஒரு ரா கோப்பு சுமார் 42 மெகாபைட். நொடிக்கு 20 படம் எடுத்தால் 840 மெகாபைட். யூஎச்எஸ்-2 எஸ்டி கார்டின் இணைப்பு வேகமோ அதிகபட்சம் 312 மெகாபைட்தான். எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. மிஞ்சுவது கேமராவின் பஃபர் நினைவகத்தில் தேங்கும். அது நிரம்பிவிட்டால், கார்டு எழுதும் வேகத்துக்குக் கேமராவும் இறங்கிவிடும். அதனால் பறவை கிளையில் இருக்கும்வரை விரலை அடக்குங்கள்.

சரி, குவிந்த படங்களை எப்படிக் கழிப்பது? ரா கோப்புக்குள்ளேயே ஜேபெக் முன்னோட்டம் ஒன்று இருக்கும். போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருள் அதையே காட்டுவதால் படங்கள் சட்டென்று புரளும். முதல் சுற்றில் நல்லதை மட்டும் குறியுங்கள். அடுத்து, 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். இறகு மங்கினால் பொறுக்கலாம். கண் மங்கிய படம் எனக்கு வேண்டாம். கேமராவின் சின்னத் திரையை நம்பி மட்டும் எதையும் அழிக்காதீர்கள். நுண்ணிய மங்கல் அதில் எளிதில் தெரியாது.