கோட்டைத் தாண்டிப் பறக்கும் ரக்பி பந்து ஏன் உடனே 'அவுட்' ஆவதில்லை?

தென்காசி, குற்றாலம் பக்கம் கபடி பார்த்தவரா நீங்கள்? அப்படியென்றால் ரக்பியின் பாதி விதி உங்களுக்குத் தெரியும். எல்லைக்கோட்டுக்கு மேலே காற்றில் கை நீண்டால் யாரும் அவுட் இல்லை. வெளியே தரையைத் தொட்டால்தான் பேச்சு.

ரக்பி பந்துக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. உள்ளேயிருந்து எம்பிய வீரர், கோட்டைக் கடந்து பறக்கும் பந்தைத் தன் கால் தரையில் படுமுன் உள்ளே தட்டிவிடலாம், ஆட்டம் தொடரும். வெளியே நிற்பவர்கூட, இன்னும் கோட்டைத் தாண்டாத பந்தைத் தட்டலாம், உதைக்கலாம். பிடித்தால் மட்டும் அது வெளியே போனதாகிவிடும்.

சரி, எந்தப் பக்கம் தட்டுகிறார்? இங்கேதான் 'நாக்-ஆன்' வருகிறது. கையில் பட்டு, பந்து எதிரணியின் எல்லையை நோக்கிப் போய், அதே வீரர் பிடிக்குமுன் தரையையோ வேறொருவரையோ தொட்டால் தவறு. தலையிலோ காலிலோ பட்டு அப்படிப் போனால் தவறில்லை. வீரர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் 'முன்' என்பது எதிரணியின் பக்கம்தான்.

ஏன் இத்தனை கறார்? ரக்பியில் முன்னேற ஓட வேண்டும், அல்லது உதைக்க வேண்டும். கையால் முன்னே எறியக் கூடாது. கை தவறியதை மன்னித்தால், எறிவதையே தவறியதாகக் காட்டிவிடலாம். இந்த ஆட்டத்தின் அழகே அந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

ரக்பி நமக்கு அந்நியமும் இல்லை. 1878இல் கலைந்த கல்கத்தா ஃபுட்பால் கிளப் என்ற ரக்பி கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுகின்றன.

மறுபடி விதிக்கு வருவோம். நாக்-ஆன் ஆன பந்து வெளியே உருண்டுவிட்டால்? எதிரணி விரும்பியதைக் கேட்கலாம்: தவறு நடந்த இடத்தில் ஸ்க்ரம் (இரு அணியினரும் தோள் கோத்து முட்டித் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது), அல்லது பந்து வெளியேறிய இடத்தில் லைன்-அவுட் (வரிசையாக நிற்கும் இரு அணியினருக்கும் நடுவே பந்தை உள்ளே எறிவது).