துரைக்கு ஊட்டி! தொழிலாளிக்குத் தகரக் கொட்டகையா?

கடத்தூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் பலர். மானாவாரிப் பயிர் முடிந்து, கிணறும் வற்றிவிட்டால் பஸ் ஏறுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. போகிறவரிடம் ஊரார் கேட்கும் கேள்விகள் இரண்டே: "கூலி எவ்வளவு? மேஸ்திரி நல்லவனா?"

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. போகிற ஊரின் வெயில் எப்படி, மழை எப்படி, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, படுக்கப் போகும் இடம் மேடா பள்ளமா என்பதே அது. அதை யாரும் கேட்பதில்லை!

"பசித்தவனுக்குத் தட்பவெப்பம் ஒரு கேடா? வேலை கிடைத்தால் போதாதா?" என்று ஏளனம் பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: வயிறு நிறைந்தவர்கள் மட்டும் ஏன் அந்தக் கேள்வியை ஒருநாளும் மறக்கவில்லை?

வரலாற்றைப் பாருங்கள். 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மீது ஏறினார். குளிர்ந்த காற்றும் பச்சை மலையும் கண்டார், வீடு கட்டினார். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடை வந்தால் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போயிற்று. இந்திய அரசாங்கம் 1864 முதலே சிம்லாவுக்குப் போய்வந்தது. கடத்தூரிலிருந்து தெற்கே தெரியும் சேர்வராயன் மலையையும் விடவில்லை. சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களில், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் எழுந்தது. ஆளுகிறவன் உடம்பு வாடக்கூடாது என்பதற்காக அரசாங்கமே இடம் பெயர்ந்தது. அதற்கான செலவு குடிமக்கள் தலையில்! துரைக்கு அது நிர்வாகத் தேவை. தொழிலாளி அதையே கேட்டால் ஆடம்பரமா?

தட்பவெப்பம் ஆடம்பரமல்ல, தோழர்களே. அது கூலியின் ஒரு பகுதி. மழை நாள், கட்டட வேலைக்காரனுக்குக் கூலியில்லா நாள். தண்ணீருக்குக் கொடுக்கும் காசு, கூலியில் குறையும் காசு. வெயிலில் சுருண்டு விழுந்தவனின் மருத்துவச் செலவும் அந்தக் கூலியிலிருந்தே போகிறது. ஆகவே நாளைக்கு இவ்வளவு என்று மேஸ்திரி சொல்லும் தொகையோடு கணக்கு முடிவதில்லை.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். நம் தருமபுரிச் சமவெளியைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரம். அதனால்தான் குளிர்ந்த ஊர் என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பெயரை நம்பி மட்டும் போகலாகாது. 2016 ஏப்ரலில் அங்கே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. மார்கழி இரவில் பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்கும். மாடி வீட்டுக்காரருக்கு அது சுகம். தகரக் கொட்டகையில் படுப்பவருக்குப் பகலில் அடுப்பு, இரவில் பனி.

அவ்வூருக்குப் பெரிய ஆறு கிடையாது. ஏரிகளால் வாழ்ந்த நகரம் அது. இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்குமிடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி! ஏரிகளைத் தூர்த்தார்கள், காவிரி நீரைச் சுமார் நூறு கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 கோடையில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மக்கள் அலைந்தார்கள். அதற்கு முன் 2022 செப்டம்பரிலோ பெருமழையில் வெளிவட்டச் சாலைப் பகுதியே வெள்ளக்காடாயிற்று. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. பள்ளத்தில் கொட்டகை போட்டவன் பாத்திரம் பண்டங்களை இழந்தான்.

சென்னையின் கதை வேறு. அங்கே கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஆகவே நம் ஊர் வறண்ட வெயிலில் பழகியவர், அங்கே அதே டிகிரி வெயிலில் விரைவில் களைத்துப் போவார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊரை மூழ்கடித்தது. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. திருப்பூரில் நொய்யல் சாயக்கழிவால் கெட்டதும், 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நாடறிந்தவை. ஆறு கெட்டபோது வேலையும் போயிற்று! நிலமும் நீரும் பிழைப்பும் வெவ்வேறல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சொந்த ஊர் மட்டும் சொர்க்கமென்று நாம் சொல்லவில்லை. நம் பாறை நிலத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அது பல்லைக் கறையாக்கியது, எலும்பைத் தாக்கியது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சராசரி 850 மில்லி மீட்டர் அளவு. கோவை நகரில் பெய்வது இதைவிடக் குறைவு! அப்படியிருந்தும் கோவைக்குப் பிழைக்கப் போகிறோம். கோவையிலிருந்து யாரும் இங்கே பிழைக்க வருவதில்லை. ஏன்? அங்கே ஆலை உண்டு, சிறுவாணி உண்டு. இங்கே பெய்த மழையைத் தேக்க ஏரி தூர்வாரப்பட வேண்டும்; உள்ளூரில் வேலை வேண்டும். வானத்தின் மீது பழி போட்டுவிட்டு ஆட்சியாளர் தப்பித்துக்கொள்ள விடலாகாது.

வெளிமாநிலத்துக்கு ஒப்பந்தக்காரர் மூலம் போகும் தொழிலாளிக்குத் தகுந்த தங்குமிடமும் பாதுகாப்பு உடையும் மருத்துவ வசதியும் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. அது இப்போது 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். தகரத்தின் சூடு மாறவில்லை. தமிழ்நாட்டில் வெப்ப அலை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்ச ரூபாய் உதவியும் உண்டு. நல்லதே. ஆனால் செத்தபின் கிடைக்கும் பணத்தைவிட, உச்சி வெயிலில் ஓய்வும் குடிக்க ஒரு குடம் நீரும் மேலல்லவா?

எனவே கிளைத் தோழர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. முன்னே போய்த் திரும்பியவரையும் இனிப் போகிறவரையும் ஓரிடத்தில் உட்கார வையுங்கள். எந்த மாதத்தில் எத்தனை நாள் மழையால் வேலை நின்றது, தண்ணீருக்கு எவ்வளவு போயிற்று, எந்தப் பேட்டை பள்ளம், எங்கே மரநிழல் உண்டு என்று கேட்டு எழுதுங்கள். நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மேஸ்திரியிடம் தனியொருவன் "கொட்டகை மேட்டில் வேண்டும்" என்றால் அவன் வேறு ஆளைத் தேடுவான். நாற்பது பேர் சேர்ந்து சொன்னால் இடத்தைத்தான் தேடவேண்டும்.

ஊர் விட்டுப் போவது தவறல்ல. கண்ணை மூடிக்கொண்டு போவதுதான் தவறு. காற்றையும் நீரையும் நிலத்தையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை துரைகளோடு கப்பலேறிப் போய்விடவில்லை. அதைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாம்!