ட்வின் சிலிண்டர் பைக்கில் அதிர்வு அதிகமா? முதலில் இதைப் பாருங்க!

சேலம், நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாக காவிரியைத் தாண்டி கரூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஒரே வேகத்தில் பைக் ஓட்டும்போது கை மரத்துப் போகுதா? அது சாதாரண அதிர்வா, கோளாறா?

எது இயல்பு?

பழைய பிரிட்டிஷ் ட்வின் பைக்குகள் பலவற்றில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும். அதனால் அதிர்வு அதிகம். 2018-ல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் கிராங்க் 270 டிகிரி அமைப்பு. ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மற்றது நடுவழியில் இருக்கும். மீதி அதிர்வை பேலன்சர் ஷாஃப்ட் குறைக்கும். லேசான துடிப்பு இருக்கத்தான் செய்யும். புதிதாக வந்த நடுக்கம்தான் கவனிக்க வேண்டியது.

எங்கிருந்து வருது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம் வரை ஆக்சிலரேட்டரை முறுக்குங்க. அப்பவும் நடுங்கினால் இன்ஜின் பக்கம் பாருங்க. ஓடும்போது மட்டும் என்றால் டயர், ரிம், வீல் பேரிங், செயின்.

இன்ஜின் என்றால்?

மவுன்டிங் போல்ட் தளர்ந்திருக்கலாம். டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கே முடுக்கணும். அதிகமானால் மரை போய்விடும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் உதறும். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் இரண்டு சைலன்சர் பைப்பிலும் சொட்டுத் தண்ணீர் விடுங்க. ஒன்றில் மெதுவாக ஆவியானால் அந்தப் பக்க ஸ்பார்க் பிளக்கை முதலில் பார்க்கச் சொல்லுங்க.

ஹேண்டில்பார் வெயிட், தடித்த கிரிப் எல்லாம் கடைசியில்தான். அவை கைக்கு இதம் தரும்; தளர்ந்த போல்ட்டை இறுக்காது.