மாட்டுத் தொட்டியில் போடுகிற புண்ணாக்கு, முப்பதாயிரம் ரூபாய் கிரீமில்! தெரியுமா?

ஒரு நல்ல காஞ்சிப் பட்டுச்சேலையின் விலையை ஒரு கிரீம் ஜாடிக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? ஜாடி என்றதும் ஊறுகாய் ஜாடி அளவுக்குக் கற்பனை செய்துவிடாதீர்கள். வெறும் 60 மில்லி! டீக்கடை கிளாஸ்கூட நிறையாது!

பெயர் 'க்ரெம் டி லா மேர்'. அமெரிக்காவில் 350 டாலருக்கு மேல். நம்ம ஊர்ப் பணத்தில் 30,000 ரூபாய்க்கு மேல்! மாக்ஸ் ஹ்யூபர் என்ற விஞ்ஞானிக்குச் சோதனைக்கூட விபத்தில் முகம் வெந்துபோனதாம். 12 வருடம் விடாமல் 6,000 முறை சோதனை செய்து, கடற்பாசியைப் புளிக்க வைத்து இதைக் கண்டுபிடித்தாராம். நிறுவனம் சொல்கிற கதை இது. புளிக்கும்போது பாசிக்கு ஒளியும் ஒலியும் வேறு காட்டுவார்களாம்!

சரி, அதற்குள் என்னதான் இருக்கிறது? டப்பாவில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படியுங்கள். முதலில் கடற்பாசிச் சாறு. அடுத்தது மினரல் ஆயில். அதற்கடுத்தது பெட்ரோலேட்டம், அதாவது நம்ம வாஸ்லைன்! பிறகு கிளிசரின். இன்னும் கீழே வாருங்கள். எலுமிச்சைச் சாறு! நல்லெண்ணெய்! யூகலிப்டஸ் தைலம்! எள்ளுப் பொடி! அதற்குக் கொஞ்சம் கீழே... சூரியகாந்திப் புண்ணாக்கு! ஆமாம், நீங்கள் படித்தது சரிதான். புண்ணாக்கு!

எங்கள் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடிந்ததும் கறவை மாட்டுக்குத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிறோமே, அந்த இனத்துப் பொருள்தான் அமெரிக்காவில் தங்கமாக விற்கிற ஜாடியிலும் இருக்கிறது!

இதையெல்லாம் எதற்குத் தேடிப் படித்தேன் தெரியுமா? என் அக்கா மகளுக்குத் தை மாதம் உத்திரமேரூரில் கல்யாணம். ஆறு மாதமாக விலை கூடிய கிரீம், சீரம், ஃபவுண்டேஷன் என்று சின்னச் சின்ன சாஷே வாங்கி, அவளும் நானும் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தோம். பூசிப் பார்த்ததைவிடப் படித்துப் பார்த்ததில்தான் வாய் பிளந்து நின்றோம்!

வாஸ்லைன் எங்கே பிறந்தது தெரியுமா? எண்ணெய்க் கிணற்றில்! 1859-ல் ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளைஞர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார். பெட்ரோலியக் கிணற்றுக் கம்பிகளில் கருப்பாக மெழுகு ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் வெட்டுக்காயம், தீப்புண் என்றால் தொழிலாளிகள் அதைத்தான் எடுத்துத் தடவினார்கள்! அதைச் சுத்தம் செய்து 1872-ல் காப்புரிமை வாங்கினார் செஸ்ப்ரோ. தினமும் ஒரு ஸ்பூன் வாஸ்லைன் சாப்பிடுவாராம்! 96 வயது வரை வாழ்ந்தார்! (தயவுசெய்து நீங்கள் சாப்பிட வேண்டாம்.)

உங்கள் உடம்பிலேயே பெரிய உறுப்பு எது? கல்லீரலா? இல்லை, தோல்! விரித்துப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர். ஆறு கெஜம் பட்டுச்சேலையை விரித்தால் ஆறு சதுர மீட்டருக்கு மேல் வரும். அப்படியென்றால் நம்மைப் போர்த்தியிருக்கும் தோல், ஒரு சேலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

அந்தத் தோலின் மேலடுக்கு எவ்வளவு தடிமன்? முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான்! தலைமுடியைவிட மெல்லியது! முழுக்க முழுக்க இறந்த செல்கள். ஆனால் அந்த மெல்லிய சுவரைத் தாண்டி உள்ளே போவது லேசுப்பட்ட காரியமா? 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு பெரும்பாலும் உள்ளே நுழையாது என்று 2000-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இப்போது கேளுங்கள்: கிரீம் டப்பாவில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே 'கொலாஜன்', அதன் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 3,00,000 டால்டன்! 600 மடங்கு! சல்லடைக் கண் வழியாகப் பூசணிக்காயை நுழைப்பது மாதிரி! கொலாஜன் கிரீம் பூசினால் மேல் தோல் ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட அன்றே கொலாஜன் கிரீமை எங்கள் கல்யாணப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

'ஹயலூரானிக் ஆசிட்' என்று இன்று எல்லா சீரத்திலும் இருக்கிறதே, அதை முதலில் எதிலிருந்து எடுத்தார்கள்? மாட்டுக் கண்ணிலிருந்து! 1934-ல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். பிறகு எதிலிருந்து? சேவல் கொண்டையிலிருந்து! நம்பமுடிகிறதா? இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கிறார்கள்.

'ஸ்க்வாலேன்'? அது சுறா மீன் ஈரல் எண்ணெயில் கிடைத்த பொருளின் வழிவந்தது! இன்று அதே பொருளைக் கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் எடுக்கிறார்கள். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது சீரம் பாட்டில்தான் ஞாபகம் வருகிறது!

குங்குமாதி தைலம் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாக்படர் எழுதிய 'அஷ்டாங்க ஹிருதயம்' நூலிலேயே இருக்கிறது! இன்று கண்ணாடிச் சொட்டுக்குப்பியில் ஆயிரக்கணக்கில் விலை. அதில் சேரும் குங்குமப்பூ ஒரு கிலோ வேண்டுமென்றால் எத்தனை பூ பறிக்க வேண்டும் தெரியுமா? சுமார் 1,50,000! ஒரு பூவுக்கு மூன்றே மூன்று இழை!

நம்ம மஞ்சளுக்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள் தெரியுமா? 1995-ல், காயம் ஆற்றும் மருந்து என்று! இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி வாதாடியது. 1997-ல் ரத்து! அம்மியில் மஞ்சள் அரைத்த நம் பாட்டிகள் ஜெயித்த வழக்கு அது!

இனி ஃபவுண்டேஷன். இங்கேதான் ஆச்சரியம் கொட்டிக்கிடக்கிறது!

சினிமாவில் 'பேன்கேக்' போடுவது என்கிறோமே, அது ஒரு பிராண்டின் பெயர், தெரியுமா? போலந்தில் பிறந்து ஹாலிவுட்டுக்குப் போன மாக்ஸ் ஃபாக்டரின் நிறுவனம் கலர் படங்களுக்காகத் தயாரித்தது அது. 1938-ல் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. நம்ம சென்னை ஜெமினி ஸ்டூடியோவோ அதை லாரி லாரியாக வாங்கியது! அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதி வைத்திருக்கிறார். மேக்கப் அறை இருந்த கட்டடம் ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று பேச்சாம்! கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் என்ன செய்வார்கள் தெரியுமா? பெரிய பாத்திரத்தில் பூச்சைக் கலக்கி, துணை நடிகர்கள் முகத்தில் வரிசையாக அப்பிவிடுவார்கள்! எல்லா முகத்துக்கும் ஒரே கலர்!

ஒரே கலர் என்ற அந்தக் கொடுமை எப்போது மாறியது? 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானா 'ஃபென்டி பியூட்டி' ஆரம்பித்தார். முதல் நாளே எத்தனை ஷேடு தெரியுமா? 40! மாநிறம், கருநிறப் பெண்கள் தங்கள் நிறத்தில் ஒரு குப்பியைப் பார்த்தார்கள். மற்ற கம்பெனிகளும் அவசர அவசரமாக ஷேடுகளைக் கூட்டின!

இத்தனை ஷேடும் எத்தனை நிறமியில் பிறக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்? பெரும்பாலும் நாலே நாலு! வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருப்பு. மஞ்சளும் சிவப்பும் கருப்பும் இரும்பு ஆக்ஸைடு. அதாவது, செம்மண்ணைச் சிவப்பாக்குவது எதுவோ அதுவேதான் முகப்பூச்சுக்கும் சிவப்புத் தருகிறது! வாசல் கோலத்துக்குக் காவிப் பட்டை இழுக்கிறோமே, அதே பொருள்! முகத்துக்குப் போடுவதை மட்டும் தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரிக்கிறார்கள்.

வெள்ளை? டைட்டானியம் டை ஆக்ஸைடு. பளிச்சென்ற அந்த வெள்ளை எதிலிருந்து வருகிறது தெரியுமா? கருமணலிலிருந்து! இல்மனைட் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது! கருப்பு மணல்தான் உலகத்துக்கே வெள்ளை அடிக்கிறது!

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிறம் தரும் மெலனின் இருக்கிறதல்லவா, அதைத் தயாரிக்கும் செல்கள் சிவந்த பெண்ணுக்கும் கருத்த பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான்! அந்த செல் எவ்வளவு, எந்த வகை நிறத்தை உண்டாக்குகிறது என்பதில்தான் முக்கிய வித்தியாசம்! கல்யாணச் சந்தையில் இத்தனை காலம் எத்தனை பெண்களை இதற்காக அழவைத்திருக்கிறோம்!

எங்கள் வீட்டிலும் அந்த அழுகை வந்தது. ஒரு பெரிய கடையில் டியூப் லைட் வெளிச்சத்தில், அக்கா மகளின் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான ஷேடைத் தலையில் கட்டிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் கண்ணாடி பார்த்தாள். "என்ன சித்தி, மூஞ்சியில சாம்பலப் பூசின மாதிரி இருக்கு?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அவளுடைய மாநிறத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் சாயல் ஓடுகிறது. அதைப் பார்க்காமல் வெளுப்பை மட்டும் பார்த்து வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் சாம்பல்தான்!

முன்னே சொன்ன அந்த வெள்ளை நிறமி இன்னொரு வேலையும் செய்யும், தெரியுமா? போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்ததும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்! கண்ணாடியில் லட்சணமாக இருந்த முகம், முகூர்த்த ஆல்பத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்து நிற்கும்! அதனால் ஒத்திகை மேக்கப் போட்டதும் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் கணக்கு தெரியுமா? எஸ்பிஎஃப் 30 வெயிலில் தோலைச் சுடும் கதிர்களில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50? 98 சதவீதம்! வித்தியாசம் ஒன்றே ஒன்று! ஆனால் டப்பாவில் போட்டிருக்கிற எண் பலிக்க, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும்! நம்மில் யார் அவ்வளவு பூசுகிறோம்?

இப்போது சொல்லப்போவது ஆச்சரியமில்லை, அதிர்ச்சி. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரு வகைச் சிறுநீரகப் பாதிப்போடு 22 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதில் 15 பேருக்குப் பரிசோதனையில் ஒரே அடையாளம். அந்த 15 பேரில் 13 பேர் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? சிவப்பழகு கிரீம் பூசியிருந்தார்கள்! முகத்தில் பூசிய கிரீம், சிறுநீரகத்தில்! காரணம் பாதரசம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்பது முன்பு உலக நாடுகள் ஏற்றுக்கொண்டிருந்த எல்லை; இப்போது சேர்க்கவே கூடாது. தயாரித்தவர் முகவரி இல்லாமல், "ஏழே நாளில் வெள்ளை" என்று வரும் டப்பாவைக் கையாலும் தொடாதீர்கள்!

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தேர்வு செய்வது புதிதா என்ன? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள்! முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921! ஊர்ச் சபைத் தேர்தலுக்குக் குடவோலையில் பேர் எழுதிப் போட எத்தனை நிபந்தனை தெரியுமா? வயது 35-க்கு மேல், 70-க்குள்! கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம்! சொந்த மனையில் வீடு! கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமே கிடையாது! சின்னப் பையன் கையை விட்டு ஓலை எடுப்பது கடைசியில்தான், சலித்தெடுப்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்!

கிரீமுக்கும் அப்படித்தான் நாங்கள் நிபந்தனை போட்டோம். முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசு அளவுக்கு, காலையும் மாலையும், ஏழிலிருந்து பத்து நாள் பூசிப் பார்த்தோம். தோல் மருத்துவர்கள் சொல்கிற வழி அது. அரிப்போ சிவப்போ வந்ததெல்லாம் வெளியே! ஃபவுண்டேஷனைக் கையில் பூசிப் பார்க்கவே இல்லை. தாடை ஓரம் மூன்று கோடு இழுத்துக்கொண்டு, அந்தக் கோயில் வாசலுக்கே போய் நின்றோம். காலை வெளிச்சம், அரை மணி நேரம்! பூசியதும் சரியாகத் தெரிந்த ஒரு ஷேடு, முகத்து எண்ணெயோடு கலந்து கண்ணெதிரே கருத்தது! இன்னொன்று வெளிறித் தெரிந்தது. மூன்றாவது கோடு எங்கே போனது என்று தேடினோம். காணவே காணோம்! தோலோடு தோலாகிவிட்டது!

அதுதான் அவளுடைய ஷேடு. நாங்கள் வாங்கி வந்ததிலேயே விலை குறைந்த சாஷே!

உங்கள் வீட்டில் கல்யாணமா? முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே சாஷே வாங்கிப் பூசிப் பாருங்கள். டப்பாவின் பின்னால் திறந்த ஜாடி படம் போட்டு 12M என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் அதற்கு ஆயுசு!