அமுக்குவதற்கு முன் நான்கு நிமிடம்

தி.நகர் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் காபி ஃபில்டர் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்திலேயே இப்போது ஒரு கண்ணாடி ஜாடியும் நிற்கிறது. மூடியில் ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமான வலை. பெயர் பிரெஞ்சு பிரஸ். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையோ மருமகளோ வாங்கி வைத்துவிட்டுப் போக, அடையாறு, மயிலாப்பூர் வீடுகள் பலவற்றில் அது இரண்டு நாள் உழைத்துவிட்டுப் பரணுக்குப் போய்விடுகிறது. "இதுல டிகாக்‌ஷனே இறங்கல, வெறும் மண்டிதான் வருது" என்பது பொதுவான புகார். வழக்கமாக வாங்கும் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, உடனே கம்பியை அமுக்கினால் அப்படித்தான் வரும். ஜாடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

1852இல் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வலை ஜாடியின் ஓரத்தோடு சரியாக ஒட்டாததால் தூள் மேலே ஏறிவந்தது. 1929இல் இத்தாலியர்களான அத்திலியோ காலிமானியும் ஜூலியோ மொனேத்தாவும் வலையைச் சுற்றி ஸ்பிரிங் வைத்து அந்த இடைவெளியை அடைத்தார்கள். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும், கருவி உருப்படியானது இத்தாலியர் கையில்தான்.

பெயரில் 'பிரஸ்' இருப்பதால் அமுக்குகிற அமுக்கில்தான் சாரம் இறங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். இந்த ஜாடியில் அமுக்குவது வடிகட்டுகிற வேலை மட்டும். சாரம் இறங்குவது பெரும்பாலும் அதற்கு முன்பே, தூளும் வெந்நீரும் சும்மா கிடக்கும் அந்த நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வறுத்த காபித் தூளில் தண்ணீரில் கரையக்கூடியது மொத்தம் 30 சதவீதம் அளவுக்குத்தான். அத்தனையும் கரையக் கூடாது. தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால் சுவை சரியாக இருக்கும் என்பது 1950களிலிருந்து இத்துறையில் புழங்கும் கணக்கு. முதலில் கரைவது புளிப்பும் வாசனையும், அடுத்து இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். விருந்தாளி வந்துவிட்டார் என்று அதே தூளில் மறுபடி வெந்நீர் விட்டு எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் போதும்.

நம் ஃபில்டரிலும் ஓர் அமுக்குத் தட்டு உண்டு. நடுவில் தண்டு வைத்த, ஓட்டை போட்ட தட்டு. பலர் அதைத் தொலைத்துவிட்டு, இல்லாமலேயே காலம் தள்ளுகிறார்கள். அதுவும் பிழிவதற்கானதல்ல. தூளைச் சமமாகப் படியவைக்கவும், ஊற்றும் தண்ணீர் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரவி இறங்கவும்தான் அது இருக்கிறது. அழுத்தி நசுக்கினால் ஒரு மணி நேரமானாலும் சொட்டு விழாது. தொலைத்துவிட்டால் தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும், டிகாக்‌ஷன் வெளிறிப்போகும்.

இரண்டு கருவிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். பிரெஞ்சு பிரஸ்ஸில் எல்லாத் தண்ணீரும் எல்லாத் தூளோடும் ஒரே நேரத்தில் ஊறுகிறது. தண்ணீரில் சாரம் ஏற ஏற, மேலும் இழுக்கும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. ஃபில்டரில் தூள் படுகைக்குள் மேலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. இழுக்கும் தெம்பு குறையாத தண்ணீர். குறைந்த தண்ணீரில் கெட்டியான டிகாக்‌ஷன் எடுக்க நம் ஃபில்டரை மிஞ்சும் மலிவான கருவி கிடையாது என்று தயங்காமல் சொல்வேன்.

ஆக, பிரஸ்ஸை வாங்கியவர் முதலில் மாற்ற வேண்டியது தூளை. கடையில் "ஃபில்டருக்குத்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே இயந்திரத்தில் கொட்டிவிடுவார்கள். அதற்குள் நிறுத்தி, சிக்கரி வேண்டாம், கொரகொரப்பாக அரையுங்கள் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு கொரகொரப்பு? பம்பாய் ரவை பதம். நைஸாக அரைத்த தூள் வலையின் கண்களை அடைத்துக்கொள்ளும், மீதி கோப்பைக்குள் போகும்.

சிக்கரியை நான் வேண்டாம் என்பது பிரஸ்ஸுக்கு மட்டும். ஃபில்டர் காபிக்கு அதனால் நன்மை உண்டு. காபியைப் போலல்லாமல் சிக்கரியின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். நிறமும் கனமும் தந்து, ஈரத்தில் ஊதித் தண்ணீரை நிதானமாக இறங்கவைக்கும். பிரஸ்ஸிலோ அதே ஊதல் வலையை அடைக்கும். நம் உணவுச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும், எவ்வளவு என்பது பாக்கெட்டிலும் அச்சாகியிருக்க வேண்டும். 51 என்றால் மீதி 49 சிக்கரியாக இருக்கலாம் என்று பொருள். வாங்குமுன் அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இனி போடும் முறை. ஜாடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடி சூட்டைத் தின்றுவிடும். அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்து ஊற்றினால் 95 டிகிரி வாக்கில் இருக்கும். ஊற்றியதும் தூள் மேலே பொங்கி ஒரு தடித்த ஆடையாக நிற்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கரியமில வாயு வெளியேறுவதால் வரும் பொங்கல் அது. பொங்கவே இல்லையென்றால் தூள் பழசு. நான்கு நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு கரண்டியால் ஆடையை மெல்லக் கலைத்தால் தூள் தானாக அடியில் போய் உட்காரும். மேலே மிதக்கும் நுரையை வழித்துப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் கலங்கல் குறையும். அதற்கப்புறம் கம்பியை இறக்க வேண்டும். உள்ளங்கையின் கனமே போதும். கை எதிர்ப்பை உணர்ந்தால் தூள் நைஸ் என்று பொருள். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் கொதிக்கும் காபி ஓரத்தில் பீய்ச்சி அடிக்கும், கண்ணாடியும் விரிசல் விடலாம். இறக்கியதும் முழுவதையும் ஊற்றிவிடுங்கள். ஜாடியிலேயே நின்றால் தூள் தொடர்ந்து ஊறிக் கசந்துகொண்டே போகும்.

சென்னைக்காரருக்குத் தண்ணீரும் ஒரு பிரச்சினை. கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கடலோரப் பகுதிகளின் போர்வெல் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் இனிய புளிப்பை அடித்துவிடும், சுவை மந்தமாகிவிடும். நேர்மாறாக, உப்பெல்லாம் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் சுவையை இழுக்கும் கால்சியமும் மக்னீசியமும் இருக்காது. மெட்ரோ தண்ணீர் நன்றாக வருகிற தெருவில் இருப்பவர்கள் அதைக் காய்ச்சியே போடலாம். மற்றவர்கள் போர்வெல் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து பார்க்கலாம்.

எல்லாம் சரி, பால்? பிரஸ் காபியில் பால் விட்டால் தண்ணியாகத்தான் இருக்கும். பாலிலுள்ள கேசின் புரதம் காபியின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால், பாலைத் தாங்கக் கெட்டியான டிகாக்‌ஷன் வேண்டும். 200 மில்லிக்கு 30 கிராம் போட்டால்? தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். 60 மில்லி போக 140 மில்லிதான் கையில் வரும், அதுவும் ஃபில்டர் அளவுக்கு ஏறாது. டபரா டம்ளரில் நுரை பொங்க ஆற்றிக் குடிக்க ஃபில்டர். பாலில்லாமல், சர்க்கரையில்லாமல் ஏற்காட்டுக் கொட்டைக்கும் சிக்கமகளூருக் கொட்டைக்கும் சுவையில் என்ன வித்தியாசம் என்று பார்க்க பிரஸ். ஒன்றைக்கொண்டு மற்றொன்றின் வேலையை வாங்க முடியாது.

கையால் உண்மையிலேயே அழுத்தி எடுக்கும் கருவி வேண்டுமென்றால் ஏரோபிரஸ் இருக்கிறது. பறக்கும் வளையம் செய்து விற்ற அமெரிக்கர் ஆலன் ஆட்லர் 2005இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய். பார்க்க ஊசிபோடும் சிரிஞ்சு மாதிரி இருக்கும். இதில் கை தரும் அழுத்தம்கூட ஒரு பாருக்கும் கீழேதான், எஸ்பிரெசோ இயந்திரத்துக்கு 9 பார். அடியில் காகித வடிகட்டி இருப்பதால் நைஸான தூளும் தாங்கும், ஒரு டம்ளர் பால் காபிக்கான டிகாக்‌ஷனை இரண்டு நிமிடத்தில் தரும். தனியாக இருப்பவர்களுக்கு நல்லது, நான்கு பேர் வீட்டுக்கு எடுபடாது.

காகிதம் இன்னொரு வேலையும் செய்கிறது. காபி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பை உயர்த்துகிறது. காகிதம் அதைப் பெரும்பாலும் பிடித்துவைக்கும், உலோக வலை விட்டுவிடும். கொலஸ்ட்ரால் அதிகம் என்று டாக்டர் சொன்னவர்கள் பிரஸ் காபியைத் தினமும் கோப்பை கோப்பையாகக் குடிக்க வேண்டாம். அதே எண்ணெய்தான் வலையின் அடுக்குகளுக்கிடையில் தங்கிச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறையாவது வலையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்டியைத் தொட்டிச் செடிக்குப் போடுங்கள், சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைக்கும்.

தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் நறுமணம் சீக்கிரம் போய்விடும் என்பதால், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் அரைத்து வாங்காதீர்கள்.